ஒரு மில்லி செகண்டுக்கு ரெண்டு மில்லிமீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடங்கல்களும் திரும்பத் திரும்பச் சொன்னவையும் நீக்கப்பட்டுள்ளன.)

திருப்பரங்குன்றத்துல இருந்து பேசுறேன். பின்னாடி ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, எடிட்ல எடுக்க முடியல.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு மெஷின்ல ஏதோ ஒண்ணு நடக்குது. அப்புறம் இன்னொண்ணு நடக்குது. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? கேட்டா ரொம்பச் சின்ன விஷயம். டைமரை ஸ்டார்ட் பண்ணு, ஸ்டாப் பண்ணு, வந்த எண்ணைப் படி. காலேஜ் லேப்ல பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வாங்கிருப்போம். ஆனா நகர்ற மெஷின்களுக்கு ப்ரோக்ராம் எழுதுறவங்களை, அதாவது மோஷன் கன்ட்ரோல் ஆட்களைக் கேட்டுப் பாருங்க. அதிகமா ஏமாத்துற எண் இதுதான்னு சொல்வாங்க.

எங்க ஊர்ல பங்குனித் திருவிழாவுல பெரிய தேர் மலையைச் சுத்தி வரும். அந்தத் தேருக்கு பிரேக் கிடையாது. சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போடுறவங்கதான் பிரேக். கூட்டத்தை விட்டுட்டு அவங்களை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்க. நிறுத்தச் சொல்லி சைகை வந்த நொடிக்கும் தேர் உண்மையிலேயே நிக்கிற நொடிக்கும் நடுவுல தேர் இன்னும் கொஞ்சம் உருளும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவுன்னு அவங்களுக்குக் கைப்பழக்கத்துல தெரியும். அதனால நிக்க வேண்டிய இடத்துக்கு முன்னாடியே கட்டையோட உட்கார்ந்துடுவாங்க.

மெஷினுக்குக் கைப்பழக்கம் கிடையாது. அதுக்கு நாமதான் எண் கொடுக்கணும்.

சரி, எந்த மெஷின்? பவர் பிரஸ். தகடை டை மேல வச்சு, மேல இருந்து ராம் இறங்கி ஒரே அடியில வெட்டும் இல்லன்னா வளைக்கும். கார், பைக்குக்குள்ள இருக்கிற சின்னச் சின்னத் தகடு பாகம் முக்கால்வாசி இப்படி அடிச்சு வந்ததுதான். ஹரியானாவுல மானேசர் பக்கம் 'சேஃப் இன் இந்தியா'ன்னு ஒரு அமைப்பு இருக்கு. ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழில்ல கை நசுங்கின ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சந்திச்சு, 2019-ல இருந்து 'க்ரஷ்டு'ங்கிற பேர்ல அறிக்கை போடுறாங்க. விரல் போறதுக்குப் பெரிய காரணமா அதுல திரும்பத் திரும்ப வர்றது இந்த பவர் பிரஸ்தான்.

இதுக்கு ஒரு பாதுகாப்பு, லைட் கர்ட்டன். மெஷினுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு கம்பம், நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். கை குறுக்க போனா கதிர் அறுபடும், ராம் நிக்கும். படத்துல பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்தக் கர்ட்டனை டையில இருந்து எவ்வளவு தூரத்துல வைக்கிறது? இந்தத் தூரத்தை முடிவு பண்றது ஒரு நேரம். கை கதிரைத் தொட்ட நொடியில இருந்து ராம் முழுசா நிக்கிற நொடி வரைக்குமான நேரம். அதுக்குள்ள கை டைக்குப் போய்ச் சேர்ந்துட்டா கர்ட்டன் இருந்தும் ஒண்ணுதான், இல்லாம இருந்தும் ஒண்ணுதான்.

ஐஎஸ்ஓ 13855-னு ஒரு தரநிலை இருக்கு. அதுல கணக்கு ரொம்ப எளிமை: கையோட வேகத்தை நிக்கிற நேரத்தால பெருக்கு, கொஞ்சம் கூட்டு. பக்கத்துல வைக்கிற கர்ட்டனுக்கு கையோட வேகம் விநாடிக்கு 2000 மில்லிமீட்டர்னு எடுத்துக்கறாங்க. கூட்ட வேண்டியது கதிர்களோட நெருக்கத்தைப் பொறுத்தது. விரலையே கண்டுபிடிக்கிற 14 மில்லிமீட்டர் கர்ட்டன்னா எதுவும் கூட்ட வேணாம். 30 மில்லிமீட்டர் கர்ட்டன்னா 128 மில்லிமீட்டர் கூட்டணும், ஏன்னா அது பார்க்குறதுக்குள்ள விரல் கொஞ்சம் உள்ள போயிருக்கும்.

விநாடிக்கு 2000 மில்லிமீட்டர். அப்படின்னா ஒரு மில்லி செகண்டுக்கு ரெண்டு மில்லிமீட்டர். இந்த எபிசோட்ல ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. நீங்க அளந்த நேரத்துல 50 மில்லி செகண்ட் தப்புன்னா, கர்ட்டன் 10 சென்டிமீட்டர் தப்பான இடத்துல நிக்குது. 10 சென்டிமீட்டர்னா ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம். எந்த உள்ளங்கைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடுறேன், அப்புறம் மறந்துருவேன். பழைய பின் கிளட்ச் பிரஸ்கள் நிறைய இருக்கு. அதுல கிளட்ச் ஒரு தடவை பிடிச்சுட்டா ராம் முழுச் சுற்று முடிச்சுத்தான் நிக்கும், நடுவுல நிறுத்தவே முடியாது. அதுல லைட் கர்ட்டன் மாட்டுறது மீட்டர் போர்டுல சாமி படம் மாட்டுற மாதிரி. மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். நடுவுல நிக்கக்கூடிய ஃப்ரிக்‌ஷன் கிளட்ச், ஹைட்ராலிக் மெஷினுக்கு மட்டும்தான் இன்னைக்குப் பேசுற கணக்கு.

இப்ப கதைக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பட்டறைக்கு வேற வேலையா போயிருந்தேன். பேர் வேணாம். நியூமேடிக் கிளட்ச் பிரஸ் ஒண்ணுல புதுசா லைட் கர்ட்டன் போட்டிருந்தாங்க, டையில இருந்து 220 மில்லிமீட்டர்ல. அந்த மெஷின்ல வேலை பார்க்குற அண்ணன் ஒருத்தர், இருபது வருஷ அனுபவம். இடது கையில மோதிர விரல் பாதிதான் இருக்கும், அது வேற ஊர்ல, வேற மெஷின்ல போனது. என்னைப் பார்த்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளுதான? இந்த வெளக்கு எனக்காக வச்சதா, ஆடிட்டுக்கு வர்றவங்களுக்காக வச்சதா?"ன்னு கேட்டார். கிண்டலாத்தான் கேட்டார். ஆனா நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா அந்த 220 எங்க இருந்து வந்துச்சுன்னு பார்க்கணும்.

மெஷினை செட் பண்ணினவங்க பிஎல்சி-லயே அளந்திருந்தாங்க. கர்ட்டன் சிக்னல் வந்ததும் ஒரு டைமர் ஓடும், பிரேக் லைன்ல இருக்கிற பிரஷர் ஸ்விட்ச் மாறினதும் நிக்கும். ரீடிங் எல்லாம் நோட்ல எழுதி வச்சிருந்தாங்க: 110, 100, 120, 110, 110. சராசரி 110 மில்லி செகண்ட். ரெண்டால பெருக்கினா 220. கணக்கு சரி.

அந்த நோட்டைப் பார்த்ததும் உங்களுக்கு ஏதாவது உறுத்துதா? எல்லா ரீடிங்கும் பத்தோட மடங்கு. இயற்கை பத்துப் பத்தா எண்ணாது. பத்துப் பத்தா எண்ணுறது அந்த டைமர். சில பிஎல்சி குடும்பங்கள்ல சாதாரண டைமர் 100 மில்லி செகண்ட் படியில எண்ணும், வேற எண்ணுள்ள டைமர் 10 மில்லி செகண்ட் படியில எண்ணும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்ல டி-0-ல இருந்து டி-199 வரைக்கும் 100, டி-200-ல இருந்து டி-245 வரைக்கும் 10. எண்ணை மாத்திப் போட்டா படி மாறிடும். இது புத்தகத்துல இருக்கு, யாரும் படிக்கிறதில்ல.

படி சின்னதா இருந்தாலும் அடுத்த சிக்கல் இருக்கு, ஸ்கேன். பிஎல்சி உள்ளீடுகளை எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்காது. ஒரு சுற்று ஆரம்பத்துல பார்க்கும், ப்ரோக்ராமை முழுசா ஓட்டும், வெளியீடுகளை மாத்தும், திரும்பப் பார்க்கும். இதை டவுன் பஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. பெரியார்ல இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் திருப்பரங்குன்றம் வருதுன்னு வைங்க. இங்க இறங்குறவங்களை வச்சு, அவங்க பெரியார் ஸ்டாப்புக்கு எப்ப வந்தாங்கன்னு நீங்க கண்டுபிடிக்கணும். ஒருத்தர் 9:01-க்கு வந்தார், இன்னொருத்தர் 9:09-க்கு வந்தார். ரெண்டு பேரும் 9:10 பஸ். உங்க கணக்குல இடைவெளி பூஜ்யம். இன்னும் ரெண்டு பேர், 9:09-க்கும் 9:11-க்கும் வந்தாங்க. ஒருத்தர் 9:10 பஸ், ஒருத்தர் 9:20 பஸ். உங்க கணக்குல இடைவெளி பத்து நிமிஷம். உண்மையில எட்டு நிமிஷம் பூஜ்யமாச்சு, ரெண்டு நிமிஷம் பத்தாச்சு. நீங்க அளந்தது பயணிகளை இல்ல, பஸ்ஸை.

அதாவது லூப்புக்குள்ள இருக்கிற டைமர் லூப்பைத்தான் அளக்கும். மெஷினை அளக்கணும்னா நிகழ்வு நடக்குற இடத்துலயே நேரத்தைக் குறிக்கணும்.

அதுக்கு வழி இருக்கு, புதுசும் இல்ல. நிக்காம ஓடுற ஒரு கவுன்டர். சிக்னல் மாறின அதே கணத்துல அந்த எண்ணை ஹார்டுவேரே ஒரு ரெஜிஸ்டர்ல பதிச்சுடும். ப்ரோக்ராம் நிதானமா வந்து படிச்சுக்கலாம். மைக்ரோகன்ட்ரோலர்ல இதுக்கு இன்புட் கேப்ச்சர்னு பேர், சர்வோ டிரைவ்ல டச் ப்ரோப், ஈதர்கேட்ல டிஸ்ட்ரிபியூட்டட் கிளாக் வச்ச டைம்ஸ்டாம்ப் மாட்யூல். நம்ம கப்பலூர் டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. (அந்த டோல்கேட் பேரைச் சொன்னதும் திருமங்கலம் ஆட்களுக்குக் கோபம் வரும், தெரியும். உதாரணத்துக்கு மட்டும்.) ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் சில நாள் உடனே வரும், சில நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் வரும். ஆனா வண்டி எத்தனை மணிக்குக் கடந்துச்சுங்கிறது டோல்கேட்லயே பதிஞ்சாச்சு. எஸ்எம்எஸ் எப்ப வந்துச்சுன்னு வச்சு உங்க வேகத்தைக் கணக்குப் பண்ணினா நீங்க சில நாள் ராக்கெட், சில நாள் மாட்டு வண்டி.

ஒரு முக்கியமான நுணுக்கம். தாமதம் இருக்கிறதே தப்பு இல்ல. ரெண்டு நிகழ்வும் ஒரே பாதையில, ஒரே அளவு தாமதமா வந்தா, கழிக்கும்போது தாமதம் அடிபட்டுப் போயிடும். ஒரு சிக்னல் ஃபில்டர் வழியா, இன்னொண்ணு நெட்வொர்க் வழியான்னு வந்தா அடிபடாது.

இந்த 'அடிபடாது'க்கு உலகம் ஒரு தடவை பெரிய விலை கொடுத்துச்சு. 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவுல தஹ்ரான். வளைகுடாப் போர். வர்ற ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு தடுக்கல. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தாங்க. அந்த அமைப்போட கடிகாரம் பத்தில் ஒரு விநாடி கணக்குல எண்ணும். அதை விநாடியா மாத்த 0.1-ஆல பெருக்கணும். பைனரில 0.1 முடிவில்லாத எண், 24 பிட்ல வெட்டித்தான் வைக்க முடியும். ஒவ்வொரு தடவையும் துளியூண்டு பிழை. 100 மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல அது 0.34 விநாடி ஆச்சு. அந்த நேரத்துல ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல போயிடும். ரேடார் ஏவுகணை இல்லாத இடத்துல தேடிக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு நேரத்தோட வித்தியாசம்தான தேவை, ரெண்டுலயும் ஒரே பிழைன்னா அடிபட்டிருக்கணுமேன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. துல்லியமா மாத்துற ஒரு புது ரொட்டீனை நடுவுல சேர்த்திருந்தாங்க, ஆனா எல்லா இடத்துலயும் சேர்க்கல. ஒரு நேரம் திருத்தினது, ஒரு நேரம் திருத்தாதது. அதனால அடிபடல. சரி பண்ணின சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு மறுநாள் வந்து சேர்ந்துச்சு.

ஆப், வெப் எழுதுறவங்க "இது எங்களுக்கு இல்ல"ன்னு தூங்கிடாதீங்க. 2017 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவு. அன்னைக்கு ஒரு லீப் செகண்ட். கிளவுட்ஃப்ளேரோட டிஎன்எஸ் சர்வர்கள்ல ஒரு பகுதி விழுந்துச்சு. காரணம், ரெண்டு நேரத்தைக் கழிச்சப்ப விடை மைனஸ்ல வந்தது. முடிஞ்ச நேரம் ஆரம்பிச்ச நேரத்துக்கு முன்னாடி! அவங்க கழிச்சது சுவர்க் கடிகாரத்தை. சுவர்க் கடிகாரம் மணி சொல்றதுக்கு, அதை யாராவது பின்னாடி தள்ளி வைக்கலாம். இடைவெளி அளக்க முன்னோக்கி மட்டுமே ஓடுற மோனோடோனிக் கடிகாரம் தனியா இருக்கு. பைத்தான்ல 'டைம் டாட் டைம்' இல்ல, 'டைம் டாட் மோனோடோனிக்'. அந்தச் சம்பவம் நடந்த அதே வருஷம் கோ மொழியில மோனோடோனிக் நேரத்தை உள்ளயே சேர்த்துட்டாங்க.

ஆர்டுயினோ பசங்களுக்கு ஒண்ணு. 'மில்லிஸ்' 49.7 நாள்ல சுத்தி வந்து பூஜ்யம் ஆகும், 32 பிட் அவ்வளவுதான் தாங்கும். பயப்பட வேணாம். பைக் ஓடோமீட்டர் 99999 தாண்டி 00003-ல நிக்குதுன்னா நாலு கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல, குறியில்லாத எண்ணும் கழித்தல்ல அதையேதான் செய்யும். 'இப்ப மைனஸ் ஆரம்பம், இடைவெளியை விடப் பெருசா'ன்னு எழுதினா என்னைக்கும் ஓடும். 'இப்ப, ஆரம்பம் கூட்டல் இடைவெளியை விடப் பெருசா'ன்னு எழுதினா ஐம்பதாவது நாள் மாட்டும். போயிங் 787-லயே 248 நாள் தொடர்ந்து கரண்ட்ல இருந்தா ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட் நின்னு போற ஒரு கவுன்டர் பிழை இருந்துச்சு. 2015-ல அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டாங்க.

பட்டறைக்குத் திரும்புவோம். அங்க இருந்த பெரிய பிரச்சினை டைமரோ ஸ்கேனோ கூட இல்ல. எந்த நிகழ்வுல இருந்து எந்த நிகழ்வு வரைக்கும் அளந்தாங்கங்கிறதுதான். கை கதிரைத் தொட்டதும் கர்ட்டன் யோசிக்க கொஞ்ச நேரம் எடுக்கும். அது சேஃப்டி ரிலேவுக்குச் சொல்லும், ரிலே கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த ரிலேவோட ஒரு உதிரி கான்டாக்ட்தான் பிஎல்சி-க்குப் போயிருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் டைமர் ஸ்டார்ட். முன்பக்கம் ஏறக்குறைய 35 மில்லி செகண்ட் கணக்குலயே வரல. பின்பக்கமும் அதே கதை. பிரஷர் ஸ்விட்ச் மாறினா பிரேக் பிடிக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். ராம் நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தேர்ல கட்டை போட்டாச்சு, சக்கரம் இன்னும் உருளுது.

பட்டறை முதலாளி மறுக்கல. ஸ்டாப் டைம் அளக்குற கருவியை வாடகைக்கு வரவழைச்சார். அதோட இழுகம்பி ராம்ல மாட்டி இருக்கும், சின்ன எண்கோடர் ராமோட அசைவைத் தானா பதிக்கும். சிக்னல் அறுந்த கணமும் அதுக்குள்ளயேதான் பதியும், பிஎல்சி-க்கு இதுல வேலையே இல்ல. கையைக் காட்டி டெஸ்ட் பண்ணக் கூடாது, அதுக்குன்னு இருக்கிற கம்பியைத்தான் நுழைக்கணும். ராம் அதிக வேகத்துல இறங்குற இடத்துல, கிராங்க் ஏறக்குறைய 90 டிகிரியில இருக்கும்போது அளந்தோம். பத்து தடவைக்கு மேல. இங்க சராசரி எடுக்கக் கூடாது. சராசரியான அடியில யாருக்கும் விரல் போறதில்ல. மோசமான ரீடிங்தான் கணக்கு.

மோசமானது 170. தேவையான தூரம் 340 மில்லிமீட்டர். கர்ட்டன் இருந்தது 220-ல. 12 சென்டிமீட்டர் குறைவு.

அண்ணன்கிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவார்னு பார்த்தா, "அவ்வளவு தள்ளி வச்சா பீஸ் எடுக்க எட்டணும்யா. ஷிஃப்டுக்கு எத்தனை குறையும் தெரியுமா?"ன்னார். அதுவும் உண்மை. தள்ளி வச்ச கர்ட்டனை ஒரு மாசத்துல யாராவது பைபாஸ் பண்ணி வச்சிருப்பாங்க. அது அவங்க கெட்ட புத்தி இல்ல, பீஸ் கணக்குல சம்பளம் வாங்குறவங்களோட நெருக்கடி. பாதுகாப்பு பற்றிப் பேசுற என்ஜினியர்கள் இந்த இடத்துல லெக்சர் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அது பிடிக்காது. தூரத்தைக் கூட்ட முடியலைன்னா நேரத்தைக் குறைக்கணும், அது என்ஜினியரோட வேலை.

பிரேக் லைனிங் தேஞ்சிருந்துச்சு, மாத்தினாங்க. கிளட்ச் வால்வுல காத்து வெளியேறுற பக்கம் சைலன்ஸர் அடைச்சுக் கிடந்துச்சு, அதையும் மாத்தினாங்க. திரும்ப அளந்தோம். மோசமான ரீடிங் 135. தூரம் 270. பழைய இடத்துல இருந்து 5 சென்டிமீட்டர்தான் தள்ளணும். அண்ணன் ரெண்டு தடவை கையை நீட்டி எட்டிப் பார்த்துட்டு, "இது ஓடும்"னார்.

லைனிங் திரும்பத் தேயும், 135 திரும்ப ஏறும். அதனால கர்ட்டன் கம்பத்துல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க: 135, அளந்த தேதி, அடுத்து அளக்க வேண்டிய தேதி. போன மாசம் போன் பண்ணினப்ப 141-னு சொன்னாங்க. கர்ட்டனை இன்னும் 12 மில்லிமீட்டர் தள்ளிட்டாங்களாம்.

அடுத்த வாரம் எண்கோடர் பல்ஸை வச்சு வேகம் கண்டுபிடிக்கிறது. பல்ஸை எண்ணுறதா, ரெண்டு பல்ஸுக்கு நடுவுல இருக்கிற நேரத்தை அளக்குறதா, மெதுவா சுத்தும்போது எது கைவிடும்னு பார்ப்போம். உங்க வேலை இடத்துல பத்தோட மடங்காவே வர்ற ரீடிங் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் இல்லாம வாசிக்கிறேன்.